கருநாகத்துக்கு ஒத்தை இழை

காபி டம்ளர் தன் கையை விட்டுப் போனது வேல்முருகனுக்குத் தெரியவே இல்லை. தரையில் விழுந்து 'ணங்' என்று சத்தம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தான். சூடான காபி பாதத்தில் வழிந்துகொண்டிருந்தது. வலது கையைப் பார்த்தான். விரல்கள் இன்னும் டம்ளரைப் பிடித்திருப்பது போலவே வளைந்து நின்றன.

அடுப்படியில் முட்டை உடைத்துக்கொண்டிருந்த புவனேஸ்வரி திரும்பினாள்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. ஈரக் கை. வழுக்கிடுச்சி."

கை காய்ந்துதான் இருந்தது. அதை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். துணியை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். திரும்பிப் போய் வெள்ளைக்கருவைத் தனியாகவும் மஞ்சளைத் தனியாகவும் பிரிக்கத் தொடங்கினாள். வெள்ளை அவனுக்கு, மஞ்சள் அவளுக்கு. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான். அவன் உடம்பு வளர்ந்தது. மிச்சமான மஞ்சளைப் பொரியல் பண்ணித் தின்றே அவளுக்கு முட்டை என்றால் குமட்டலாகிவிட்டது.

பிள்ளையார்பாளையத்து அந்தச் சந்துக்கு வேல்முருகன் யார்? ஏதோ லைட் செட் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போய் சீரியல் பல்பு கட்டுகிறவன். அவ்வளவுதான். பட்டு நெய்கிற கலியாணசுந்தரத்தின் பெண் புவனேஸ்வரி முசரவாக்கத்து விவசாயி வீட்டுப் பையனை இழுத்துக்கொண்டு வந்தது ஒரு காலத்தில் சந்துக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இப்போது அதுவும் பழசாகிவிட்டது.

ஆனால் ராணிப்பேட்டையில், சித்தூரில், திருவண்ணாமலையில், எங்கெங்கே பொருட்காட்சிக்குக் கொட்டகை போடுகிறார்களோ அங்கெல்லாம் அவனுக்கு வேறு பேர். கருநாகம்! கறுப்புப் பட்டில் தங்க ஜரிகைப் படம் விரித்த முகமூடி. அதற்குள்ளே கண் இரண்டு மட்டும் தெரியும். ரெஸ்லிங் ரிங்குக்குள் அவன் காலை வைத்தால் போதும், கூட்டம் வாழைப்பழத் தோலை வீசி அடிக்கும். அவன் வில்லன். கடைசியில் தோற்கிறவன். அவனைத் தூக்கித் தரையில் அடித்துவிட்டு மாலை வாங்கிக்கொள்கிற ஹீரோ 'சிங்கக்குட்டி குரு'.

அந்தக் குரு வேறு யாருமில்லை. புவனேஸ்வரியின் கூடப் பிறந்த தம்பி குமரகுருதான். அவன் ரெஸ்லிங் ஆடுவது சந்துக்குத் தெரியும், கருநாகம் யார் என்பதுதான் தெரியாது.

முகமூடி தைப்பது புவனேஸ்வரி. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்து, பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறவளுக்கு அது ஒரு பெரிய வேலையில்லை. வெளியூர் ஆட்டங்களில் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "டேய் நாகம்! உன் குடும்பம் வெளங்குமாடா!" என்று மண்ணை வாரி இறைக்க வேண்டும். அவள் தொடங்கினால் மற்ற பெண்களும் தொடங்குவார்கள். வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

டம்ளர் விழுந்த அன்றே அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கழுத்தெலும்புகளுக்கு நடுவுல இருக்கிற மெத்தை பிதுங்கி நரம்பை நசுக்குது. என்ன வேலை பார்க்கறீங்க?"

"லைட்டு கட்டற வேல சார்."

"அப்ப ஏணி ஏறாதீங்க. ஒரே ஒரு தடவை தப்பா விழுந்தாலும் போச்சு. கழுத்துக்குக் கீழே எதுவும் உங்க பேச்சைக் கேக்காது."

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது வேல்முருகன் சிரித்தான். "விழாதீங்கறாரு. எனக்குத் தெரிஞ்ச தொழிலே அது ஒண்ணுதான்."

*

வைகாசி கருட சேவைக்கு ஊரே திமிறும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் இந்த வருஷம் காஞ்சிபுரத்திலேயே பொருட்காட்சி, அதில் ரெஸ்லிங் என்று ஏற்பாடு. கம்பெனி முதலாளி பிரேம்நாத் போஸ்டர் அடித்துவிட்டார். ரிங் மூலைக் கம்பத்து உச்சியிலிருந்து நாகத்தைச் சிங்கக்குட்டி தூக்கி அடிக்கிற படம். சொந்த ஊரில் வேல்முருகன் ஆடப்போவது அதுதான் முதல் தடவை.

ஆட்டத்தன்று காலை ஒத்திகை முசரவாக்கத்தில், வேல்முருகனின் அண்ணன் பம்புசெட்டுக்குப் பக்கத்தில். வைக்கோலைப் பரப்பி மேலே தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அக்கினி நட்சத்திரம் முடிந்தும் வெயில் குறையவில்லை. புவனேஸ்வரி கேழ்வரகுக் கூழும் வறுத்த மோர்மிளகாயும் எடுத்துக்கொண்டு போனபோது வேல்முருகன் விழுந்துகொண்டிருந்தான்.

விழுவது ஒரு வித்தை. மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். முதுகு முழுக்க ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். கை இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து 'பளார்' என்று தரையை அறைய வேண்டும். அடி முழுக்க அந்தக் கைகளுக்குப் போய்விடும். கழுத்துக்கு வராது. கூட்டம் கேட்கிற சத்தமும் அந்தக் கை அறைகிற சத்தம்தான். இதில் வேல்முருகனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள்.

அவன் கூழைக் குடித்துவிட்டு வாய்க்காலில் தலையை முக்கப் போனதும் அவள் தம்பியைப் பிடித்தாள்.

"அந்த மேலருந்து அடிக்கறது வேணாண்டா குரு."

"நானாக்கா கேட்டேன்? போஸ்டர்ல போட்டு ஊரெல்லாம் ஒட்டிட்டாங்க."

"என்னால தூக்க முடியலன்னு சொல்லேன்."

"மாமா காறித் துப்புவாரு. தூக்கறவனுக்கு இன்னாக்கா வேல? நான் சும்மா கை வெச்சா போதும், அவரே எகிறி என் தோள்மேல வந்துடுவாரு. ஜனங்க என்னைப் பாத்து விசில் அடிக்கறாங்க. வேல செய்யறது பூரா அவரு."

"அவரு டம்ளரக்கூட புடிக்க முடியாம இருக்காருடா."

குரு குனிந்து, தார்ப்பாயில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தான். வெயிலில் கறுத்த அந்தப் பெரிய முதுகுக்குள்ளே அவள் தூக்கி வளர்த்த பையன்தான் இருந்தான்.

"தெரியும்க்கா. போன ஆட்டத்துல என் கைய புடிச்சாரு. புடியே இல்ல. நாந்தான் அவரு கைய புடிச்சிக்கினு ஆடினேன்."

"அப்ப ஒண்ணு செய். அவரு கழுத்துப் பக்கம் கையே வெக்காத. தலைய புடிச்சி இழுக்கறது, முறுக்கறது ஒண்ணும் கூடாது. என் தலைல அடிச்சி சொல்லு."

குரு அவள் தலைமேல் கையை வைத்தான். "சத்தியமா தொடமாட்டேன். போதுமா?"

ஈரத் தலையோடு வந்த வேல்முருகன் இருவரையும் பார்த்தான். "இன்னா, அக்காளும் தம்பியும் சதித் திட்டமா?"

"ஆமா. உங்கள ரிங்குக்குள்ள வுடக்கூடாதுன்னு."

"வுடாம?" துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். "மூட்ட தூக்கவா? வாட்ச்மேன் வேலைக்கு யூனிஃபார்ம் போட்டுக்கினு நிக்கவா? இந்த மூஞ்சிய யார் திரும்பிப் பாப்பா, புவனா? அத மூடிக்கினு போனாத்தான் ஒரு ஊரே எந்திரிச்சி நிக்குது."

அவள் கூழ்ச் சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

*

முகமூடி ஆடுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை. ஆனால் மாற்ற முடியாதது. ரிங்குக்குள் கூட்டத்துக்கு முன்னால் முகமூடி கழன்று முகம் தெரிந்துவிட்டால் அந்தப் பாத்திரம் செத்தது. மறுபடி அந்தப் பேரில் அவன் ஏற முடியாது. எந்த முதலாளியும் ஏற்றமாட்டான். முன்பு ஆற்காட்டுப் பக்கம் ஒருத்தனுக்கு அப்படி ஆகி, அவன் இப்போது பரோட்டா மாவு பிசைகிறான். கை, கால், கழுத்து எல்லாம் நன்றாக இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறான்.

புவனேஸ்வரிக்கு அந்தப் பரோட்டாக்காரன் ஞாபகம் வந்தது அன்று மத்தியானம், தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது. சொந்த ஊர் ஆட்டத்துக்குப் புது முகமூடி வேண்டும் என்று பிரேம்நாத் கேட்டிருந்தார். கறுப்புப் பட்டை வெட்டி, ஜரிகைப் படத்தை வைத்துத் தைத்து முடித்திருந்தாள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் காதோரமாக இணைக்கிற தையல்தான் பாக்கி. அதை மட்டும் அவள் மிஷினில் விடுவதில்லை. பட்டு நூலை ரெட்டை இழையாக முறுக்கி, மெழுகில் இழுத்து, கையாலேயே தைப்பாள். இழுத்தால் துணி கிழியுமே தவிர அந்தத் தையல் போகாது.

நூலை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுத் தறியில் 'டக்கு டக்கு' என்று நாடா ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்டம் தொடங்கியதும் முதல் காரியமாகக் குரு என்ன செய்வான்? நாகத்தின் முகமூடியைப் பிடித்து இழுப்பான். "கழட்டு! கழட்டு!" என்று கூட்டம் கத்தும். நாகம் தப்பித்து ஓடும். எல்லா ஊரிலும், எல்லா ஆட்டத்திலும் அதுதான் தொடக்கம். இன்றைக்கு அந்தத் தையல் விட்டுவிட்டால்? கம்பத்து மேலே ஏறுவதற்கு ரொம்ப முன்னாலேயே, தரையில் நிற்கும்போதே முகம் தெரிந்துவிட்டால்?

நாகம் சாகும். வேல்முருகன் பிழைப்பான். சந்து முழுக்கச் சிரிக்கும். சிரிக்கட்டும்.

நூலைப் பிரித்தாள். ஒத்தை இழையைக் கோத்தாள். மெழுகு பூசவில்லை. நீள நீளமாகத் தைத்தாள், புதுத் துணிக்கு ஓட்டுத் தையல் போடுகிற மாதிரி. தம்பியிடம் காலையில் வாங்கிக்கொண்டு வந்த சத்தியம் அவள் நினைவிலேயே இல்லை.

*

ராட்டினத்துக்குப் பின்னால் தார்ப்பாய் மறைப்பு. அதுதான் மேக்கப் ரூம். தைலமும் பவுடரும் வேர்வையும் கலந்து மூச்சை அடைத்தது. ஹீரோவும் வில்லனும் ஒரே வண்டியில் வரக்கூடாது, ஒரே கடையில் டீ குடிக்கக்கூடாது என்பது கம்பெனி வழக்கம். குரு வேறு வாசல் வழியாக வந்து அந்தப் பக்கத்து மறைப்பில் இருந்தான். சொந்த ஊர் என்பதால் புவனேஸ்வரிக்கு இன்றைக்கு முதல் வரிசை கிடையாது. மறைப்போடு சரி.

வேல்முருகனால் பூட்ஸ் கயிற்றைக் கட்ட முடியவில்லை. அவள் கட்டிவிட்டாள். முகமூடியை வாங்கினான். ஆட்டத்துக்கு முன்னால் எப்போதும் செய்கிற மாதிரி, உணர்ச்சி மிச்சமிருந்த இடது கைப் பெருவிரலைக் காதோரத் தையல்மேல் மெதுவாக ஓட்டினான். பாதியில் விரல் நின்றது. மறுபடி ஓட்டினான்.

அவள் குனிந்து, கட்டிய கயிற்றையே மறுபடி இறுக்கினாள்.

"நல்லா தச்சிருக்க," என்றான். தலையில் மாட்டிக்கொண்டான்.

வெளியே பிரேம்நாத்தின் மைக் அலறியது. "படமெடுத்து ஆடி வருகிறது... கருநாகம்!"

மறைப்பை விலக்கிப் பார்த்தாள். ஒரே தலைகள். முதல் வரிசையில் எதிர்வீட்டுப் பெரியநாயகி. அவளைக் கத்தச் சொல்லி யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஆனாலும் மாங்காய் பத்தையை வாயில் வைத்துக்கொண்டே கத்தினாள். "கட்டையில போறவனே! எங்கூர்லயே வந்து ஆடறியாடா! டேய் சிங்கக்குட்டி, அவன் கழுத்த ஒடிடா!"

மணி அடித்தார்கள். இருவரும் சுற்றி வந்தார்கள். 'இப்போ இழுப்பான்' என்று புவனேஸ்வரி மூச்சைப் பிடித்தாள்.

குரு இழுக்கவில்லை.

கையைப் பிடித்தான். இடுப்பைப் பிடித்தான். கூட்டம் "கழட்டு! கழட்டு!" என்றது. நாகம் தலையை நீட்டிக்கொண்டே போய்க் கொடுத்தது. குரு தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டான். தலைக்குப் பக்கத்தில் அவன் கை போகவே இல்லை.

சத்தியம்!

மறைப்பை விட்டு வெளியே ஓடினாள். ரிங்கைச் சுற்றிக் கட்டியிருந்த சவுக்குக் கம்பு தடுத்தது. "குரு! குரு!" என்று கத்தினாள். ஊரே அந்தப் பேரைத்தான் கத்திக்கொண்டிருந்தது. சிங்கக்குட்டி அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூட்டத்துக்குக் கையை ஆட்டினான்.

பிறகு எல்லாம் போஸ்டரில் போட்டபடி நடந்தது. நாகம் கயிற்றில் ஏறியது. கம்பத்து உச்சியில் நின்றது. குரு பின்னாலேயே ஏறிக் கையை வைத்தான். நாகம் எகிறி அவன் தோளுக்குப் போனது.

அந்த எகிறலில்தான் காதோரம் விட்டது.

கறுப்புப் பட்டு வாழையிலை மாதிரி ஒரு பக்கம் மடிந்து தொங்கியது. நரை முளைத்த தாடை, கொஞ்சம் கன்னம். அதற்குள் குரு சாய்ந்துவிட்டான். இருவரும் காற்றில் வந்தார்கள்.

மோவாய் நெஞ்சுக்குப் போகவில்லை. கைகள் பக்கவாட்டில் விரியவில்லை. இரண்டு கைகளும் மேலே போய் முகத்தைப் பொத்திக்கொண்டன.

'பளார்' என்று கேட்கவில்லை. வேறு மாதிரி ஒரு சத்தம், ஒரே இடத்தில், சின்னதாக.

விசில் பறந்தது. குரு எழுந்தவன் மாமன் முகத்தைப் பார்த்தான். முதலில் அவன் செய்தது, கயிற்றில் தொங்கிய துண்டை இழுத்து அந்த முகத்தை மூடியதுதான். அப்புறம்தான் "மாமா... மாமா..." என்று குனிந்தான். கூட்டத்தில் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லா வேணும்!" என்று பெரியநாயகி கைதட்டினாள். மைக்கில் பிரேம்நாத் பத்து எண்ணி முடித்து, மாலையைக் கொண்டுவரச் சொன்னார்.

*

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த பிறகு வேல்முருகனுக்கு முன்னறைக் கட்டில்தான் எல்லாமும். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. புவனேஸ்வரி அவனைத் திருப்பிப் போடுவாள், துடைப்பாள், ஊட்டுவாள். முட்டையை இப்போது வெள்ளை, மஞ்சள் என்று பிரிப்பதில்லை.

சந்துக்குச் சொன்ன கதை: லைட் கட்டும்போது ஏணியிலிருந்து விழுந்துவிட்டார்.

பெரியநாயகி ரசம் சாதம் எடுத்துக்கொண்டு அடிக்கடி வருவாள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள்.

"அதே நாள்லதாம்மா அந்தக் கருநாகமும் வுழுந்தான். அவனுக்கு ஒண்ணும் ஆவலியாம். திரும்பி வரானாம்! போஸ்டர் ஒட்டிக்கினு இருக்காங்க. நல்லவங்களுக்குத்தான் இப்படியெல்லாம். அந்தக் கழிசடைக்குப் பாரு, கல்லு மாதிரி இருக்கறான்."

கட்டிலிலிருந்து சிரிப்பு வந்தது. "சாவமாட்டான்கா அவன்," என்றான் வேல்முருகன். நெடுநாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தான்.

திரும்பி வரப்போகிற கருநாகம் குமரகுரு. நாகத்தின் நடையும் எகிறலும் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும் என்று பிரேம்நாத் பிடித்துக்கொண்டார். சிங்கக்குட்டிக்கு வேறொரு பையன் கிடைத்துவிட்டான். கம்பத்து உச்சியிலிருந்து விழுவது மட்டும் அப்படியே இருக்கும். ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிருந்தது.

"வேணாண்டா" என்று அவள் அழுது பார்த்தாள். குரு கட்டிலைப் பார்த்தபடியே சொன்னான்: "மாமாவ நாந்தான்கா தூக்கிப் போட்டேன். அவரு எடத்துல நான் விழறேன். வுட்டுடு."

அந்தத் தையலைப் பற்றி அவனிடம் அவளால் சொல்ல முடியவில்லை. யாரிடமும் சொல்ல முடியவில்லை. தம்பி தலைக்கு அளவெடுத்தாள். மாமனைவிட ஒரு விரல் சின்னத் தலை. ஜரிகைப் படத்தை வைத்துத் தைத்தாள். காதோரத் தையலுக்கு ரெட்டை இழையை முறுக்கி மெழுகில் இழுத்து, விரல் நுனியில் ரத்தம் கட்டுகிற அளவுக்கு நெருக்கி நெருக்கித் தைத்தாள்.

கம்பெனி வேன் வருகிற நாள். குரு பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தான்.

"புவனா, அத இங்க கொண்டா," என்றான் வேல்முருகன்.

முகமூடியைக் காட்டினாள்.

"பாக்க இல்ல. தையல் பாக்கணும். கன்னத்துல வெய்யி."

காதோரத் தையலை அவன் கன்னத்தில் வைத்தாள். உணர்ச்சி இருந்தது அங்கே மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"இழு. மெதுவா."

இழுத்தாள்.

"ரெட்ட இழை. மெழுகு போட்டிருக்கற. சரி." கண்ணைத் திறக்காமலே, "போன தடவ ஒத்த இழை," என்றான்.

முகமூடி அவள் கையோடு நின்றது. மழை ஓட்டின்மேல் இரைந்தது.

"தெரியுமா?"

"கைல எடுத்தவுடனே தெரிஞ்சிடுச்சி."

"அப்புறம் ஏன் போட்டுக்கினு போனீங்க?"

"நீ எதுக்குத் தச்சன்னு எனக்குத் தெரியாதா? குரு ஆரம்பத்துலயே இழுப்பான், கழண்டுடும், இத்தோட முடிஞ்சிதுன்னுதான் போனேன். வூட்டுக்குப் போய் உன்கிட்ட சண்ட போடற மாதிரி நடிக்கணும்னுகூட நெனச்சிக்கினேன். அந்தப் பையன் இன்னாடான்னா தலைல கையே வெக்கல. நான் நீட்டறேன், நீட்டறேன், தள்ளி வுடறான்."

"நாந்தான் சத்தியம் வாங்கினேன்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "கழுத்த தொடாதன்னு."

வேல்முருகன் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். இது அவனுக்குத் தெரியாதது.

"மேல போவசொல்ல காதுகிட்ட காத்து பட்டுது," என்றான் கடைசியில். "கழறட்டும்னுதான் நெனச்சேன் புவனா. நெசமா. கைதான் கேக்கல."

பின்கட்டுக் கதவு திறந்தது. குரு ஈரத் தலையோடு வந்தான். வெளியே வேன் ஹாரன் அடித்தது.

"ஆச்சாக்கா?" அவள் கையிலிருந்து முகமூடியை வாங்கிக்கொண்டான்.

"டேய் குரு," என்றான் வேல்முருகன். "மேலருந்து வரசொல்ல, எது கழண்டாலும் கழறட்டும். கைய விரிச்சிடு. மூஞ்சிய மறந்துடு. கேக்குதா?"

"அதெல்லாம் தெரியும் மாமா."

குரு சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று முகமூடியை மாட்டினான். புதுத் தையல், கொஞ்சம் இறுக்கம். வேன் மறுபடி ஹாரன் அடித்தது. சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் திரும்பினான்.

இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான்.